எரிமலை நிலத்தில் ஓர் அம்புலன்ஸ் வண்டி

மணல் மேடு ஒன்று. அதன் சரிவில் கோவேறு கழுதைகள் பூட்டிய கூண்டு வண்டி நிற்கிறது. வண்டியிலிருந்து புறப்பட்ட காலடித் தடங்கள் மணலில் ஆழமாகப் பதிந்து, படத்தைப் பார்க்கும் நம்மை நோக்கி வருகின்றன. நடந்தவர் படத்தில் இல்லை. வானம் வெறும் வெள்ளையாக இருக்கிறது. ஒரு முகில்கூட இல்லை.

1867ஆம் ஆண்டு, அமெரிக்காவின் மேற்கே, நெவாடாவின் கார்சன் பாலைவனத்தில் எடுக்கப்பட்ட படம் இது. எடுத்தவர் டிமொத்தி ஓ'சலிவன். அங்கே நிற்பது இராணுவ அம்புலன்ஸ் வண்டி. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் முடிந்திருந்த உள்நாட்டுப் போரில் காயக்காரரை ஏற்றிச் சென்ற வண்டிகளின் வகையைச் சேர்ந்தது. இப்போது அதற்குள் காயக்காரர் இல்லை. கண்ணாடித் தட்டுகளும் இரசாயனப் போத்தல்களும் இருக்கின்றன. அது ஓ'சலிவனின் நடமாடும் இருட்டறை. மணலில் தெரியும் தடங்கள், அந்த இருட்டறையிலிருந்து ஈரத் தட்டை எடுத்துக்கொண்டு கமராவுக்கு அவர் நடந்து வந்த தடங்கள்.

புகைப்படக் கலையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் யாரும் இந்தப் படத்தைத் தாண்டிப் போவதில்லை. பாலைவனத்தின் தனிமையை, மனிதனின் சிறுமையைக் காட்டும் படம் என்று எழுதுவார்கள். எனக்கோ முதலில் அந்த வண்டிதான் கண்ணில் பட்டது. போர் முடிந்த பிறகு போரின் சாமான்கள் எங்கெங்கோ போய்ச் சேர்ந்து, வேறு வேலைகளுக்குப் பயன்படுவதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு அப்படித்தான் தெரியும் போலும்.

ஓ'சலிவன் 1840ஆம் ஆண்டளவில் பிறந்தவர். ஐரிஷ் குடியேறிகளின் பிள்ளை. நியூயோர்க்கின் ஸ்டேட்டன் தீவில் வளர்ந்தார். பதின்ம வயதிலேயே அக்காலத்தின் மிகப் பிரபலமான படப்பிடிப்பாளரான மத்யூ பிரேடியின் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பின்னர் வொஷிங்டனில் இருந்த பிரேடியின் கிளையில், அலெக்சாண்டர் கார்ட்னர் என்பவரின் கீழ் பணியாற்றினார். 1861இல் உள்நாட்டுப் போர் வெடித்தபோது அவருக்கு வயது இருபதை ஒட்டித்தான் இருக்கும். படைகளோடு கமராவும் போனது. அதோடு அவரும் போனார்.

1862இல் தென் கரோலினாவின் பியூஃபோர்ட் பகுதியில், முதலாளிகள் கைவிட்டு ஓடிய பருத்தித் தோட்டமொன்றில் நின்ற அடிமைக் குடும்பங்களைப் படம் பிடித்தார். அதே ஆண்டு ஓகஸ்டில் வர்ஜீனியாவில் ரப்பஹானொக் ஆற்றை ஒரு கூட்டம் கடந்துகொண்டிருந்தது. மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு, அடிமைத்தனத்திலிருந்து தப்பி வடக்குப் படைகளின் பக்கம் வந்துகொண்டிருந்த கறுப்பின மக்கள். அந்தக் கணத்தையும் அவர் பதிவு செய்தார். ஆற்று நீரில் மாடுகள் நிற்கின்றன. வண்டியில் இருப்பவர்கள் கமராவைப் பார்க்கிறார்கள். கையில் அகப்பட்டதை ஏற்றிக்கொண்டு நீரைக் கடப்பவர்களின் படத்தை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பிரேடியின் நிலையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எடுத்தாலும் படம் பிரேடியின் பெயரில்தான் வெளிவரும். கார்ட்னர் அவரைவிட்டுப் பிரிந்து தனியாகத் தொழில் தொடங்கியபோது ஓ'சலிவனும் கூடப் போனார். 1866இல் கார்ட்னர் வெளியிட்ட இரண்டு பாகப் போர்ப் பட நூலில் நூறு படங்கள் இருந்தன. ஒவ்வொரு படத்தின் கீழும் அதை எடுத்தவரின் பெயர் அச்சிடப்பட்டிருந்தது. நூறில் நாற்பதுக்கும் மேற்பட்டவை ஓ'சலிவனுடையவை.

அன்றைய படப்பிடிப்பு எப்படி நடந்தது என்பதை இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். அது தெரியாமல் அவருடைய போர்ப் படங்களும் விளங்காது, பின்னர் எடுத்த எரிமலை நிலப் படங்களும் விளங்காது.

வெடிபஞ்சை ஈதரிலும் மதுசாரத்திலும் கரைத்தால் கொலோடியன் என்னும் பசைத் திரவம் கிடைக்கும். அதைக் கண்ணாடித் தட்டின்மேல் ஊற்றி, தட்டைச் சரித்துச் சரித்துச் சீராகப் பரவவிட வேண்டும். பிறகு இருட்டில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் அமிழ்த்தி எடுக்க வேண்டும். தட்டு ஈரமாக இருக்கும்போதே கமராவுக்குள் வைத்துப் படமெடுத்து, ஈரம் காய்வதற்குள் மீண்டும் இருட்டறைக்கு ஓடி வந்து கழுவியாக வேண்டும். எல்லாம் ஏறத்தாழ கால் மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய வேலை. பாலைவன வெயிலில் அந்த நேரமும் கிடையாது. அதனால்தான் வண்டி கமராவுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. இதே கொலோடியனைத்தான் அன்றைய மருத்துவர்கள் காயத்தின்மேல் பூசி மூடுவதற்கும் பயன்படுத்தினார்கள். வெடிமருந்துப் பஞ்சில் பிறந்து, காயத்தை மூடி, படத்தையும் பிடித்துத் தந்த திரவம் அது.

இந்த முறைக்கு இரண்டு குணங்கள் உண்டு. முதலாவது, நீல நிறத்துக்கு அது அளவுக்கு மீறி இசைந்து கொடுக்கும். ஆகவே நீல வானம் முழுக்க வெள்ளையாகப் பதியும், முகில்கள் காணாமற் போகும். இரண்டாவது, ஒளிபடுவதற்குப் பல விநாடிகள் தேவை. அசைபவை எல்லாம் கரைந்துபோகும். ஓடும் நீர் பால் ஆவி போலாகும். தலையைத் திருப்பிய மனிதனுக்கு முகம் இருக்காது. அசையாதவை மட்டுமே கூர்மையாகப் பதியும். பாறைகள் அசையாதவை. இறந்தவர்களும் அசையாதவர்கள்.

1863 ஜூலை 1 முதல் 3 வரை பென்சில்வேனியாவின் கெற்றிஸ்பேர்க் என்ற சிறிய ஊரைச் சுற்றி நடந்த சண்டையில் இரு தரப்பிலும் கொல்லப்பட்டோர், காயமடைந்தோர், பிடிபட்டோர், காணாமற் போனோர் ஏறக்குறைய 51,000 பேர். கார்ட்னர், ஜேம்ஸ் கிப்சன், ஓ'சலிவன் ஆகிய மூவரும் ஜூலை 5ஆம் திகதியளவில் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். மழை பெய்திருந்தது. புதைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. இன்னும் புதைக்கப்படாமல் வயலில் வீங்கிக் கிடந்தவர்களை ஓ'சலிவன் படம் எடுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு மரணத்தின் அறுவடை என்று கார்ட்னரின் நூலில் தலைப்பு இடப்பட்டது. கிடப்பவர்களின் கால்களில் சப்பாத்து இல்லை. பின்னால், புகைமூட்டம் போன்ற வெளியில், குதிரையில் ஒருவர் நிற்பது மங்கலாகத் தெரிகிறது. அமெரிக்கப் போர்ப் படங்களில் மிக அதிகம் அச்சிடப்பட்டவற்றுள் இதுவும் ஒன்று.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. நூலில் அதன் கீழே, இவர்கள் தென்பகுதிக் கிளர்ச்சிப் படையினர் என்று கார்ட்னர் எழுதியிருந்தார். அடுத்த பக்கத்தில் ஓ'சலிவன் எடுத்த இன்னொரு படம். அது ஜெனரல் ரெனோல்ட்ஸ் விழுந்த வயல் என்றும், அங்கே கிடப்பவர்கள் வடபகுதிப் படையினர் என்றும் விளக்கம். வீரத்தோடு போரிட்டவர்களின் முகத்தில் அமைதி தெரிகிறது என்ற பாணியில் எழுதப்பட்டது. நூறாண்டுகளுக்கு மேலாக வாசகர்கள் அதை அப்படியே நம்பினார்கள். 1975இல் வில்லியம் ஃபிரசனிட்டோ என்ற ஆய்வாளர் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, உடல்கள் கிடக்கும் விதத்தை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார். இரண்டு படங்களிலும் இருப்பவர்கள் ஒரே ஆட்கள். கமராவைச் சுற்றிக் கொண்டுபோய் வேறு பக்கத்திலிருந்து எடுத்ததுதான் வித்தியாசம். ஒரு பக்கத்திலிருந்து பார்த்தால் எதிரி, மறுபக்கத்திலிருந்து பார்த்தால் வீரன்.

அதே நூலில் கற்குவியல் ஒன்றின் நடுவே இறந்து கிடக்கும் குறிபார்த்துச் சுடும் வீரனின் படமும் இருக்கிறது. கார்ட்னரின் பெயரில் வெளியானது. அதே இளைஞனின் உடல் வேறோர் இடத்தில் கிடக்கும் படங்களும் இருக்கின்றன. உடலைத் தூக்கி வந்து, தலையைத் திருப்பி, துப்பாக்கியைச் சாத்தி வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். ஓ'சலிவன் அந்தக் குழுவில் ஒருவர். இதை மறைத்துவிட்டு அவரைப் புகழ நான் விரும்பவில்லை. படத்தில் கிடப்பவர் தன்னுடைய பிள்ளையோ சகோதரனோ என்று கண்ணை வைத்துத் தேடிப் பார்த்தவர்களுக்கு, அந்த உடலை யார் தொட்டார்கள், கீழே யார் என்ன எழுதினார்கள் என்பது கலை பற்றிய கேள்வி அல்ல.

போரின் கடைசி வரை ஓ'சலிவன் களத்தில் இருந்தார். 1864 மே மாதம் வர்ஜீனியாவின் மஸப்போனக்ஸ் தேவாலயத்தின் வெளியே வாங்குகளைப் போட்டு, ஜெனரல் கிரான்ட் தன் அதிகாரிகளோடு கூடியிருந்ததை மேல்மாடி யன்னலிலிருந்து எடுத்தார். பீற்றர்ஸ்பேர்க் முற்றுகையையும், 1865 ஜனவரியில் வீழ்ந்த ஃபிஷர் கோட்டையையும் எடுத்தார். பிறகு போர் முடிந்தது. போர்ப் படங்களை வாங்க ஆளில்லாமல் போனது. நாடே மறக்க விரும்பிய காலம் அது. கார்ட்னரின் நூல்கூட அதிகம் விற்பனையாகவில்லை.

1867இல் கிளாரன்ஸ் கிங் என்ற 25 வயதுப் புவியியலாளரின் தலைமையில் அமெரிக்க அரசாங்கம் ஒரு அளவைக் குழுவை மேற்கே அனுப்பியது. பணம் கொடுத்தது போர்த் திணைக்களம். நாற்பதாவது அகலக்கோட்டை ஒட்டி, சியரா நெவாடா மலைத்தொடரிலிருந்து ரொக்கி மலைகள் வரை, ஏறத்தாழ 100 மைல் அகலமான நிலத்தை அளந்து, பாறையும் நீரும் கனிமமும் எங்கெங்கே உள்ளன என்று எழுதுவது வேலை. கண்டத்தைக் கடக்கும் புகையிரதப் பாதை அந்த வழியாகத்தான் போடப்பட்டுக்கொண்டிருந்தது. பாதுகாப்புக்குக் குதிரைப்படையினரும் கூடப் போனார்கள். குழுவின் படப்பிடிப்பாளராக ஓ'சலிவன் சேர்ந்தார்.

போரின் கோரத்தைத் தாங்க முடியாமல் அவர் வெறும் நிலத்தைத் தேடிப் போனார் என்று சிலர் எழுதுகிறார்கள். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் தன் மனதைப் பற்றி அவர் எழுதி வைக்கவில்லை. வேலை கிடைத்தது, போனார் என்பதற்கு மேல் எதையும் அவர் வாயில் திணிக்க நமக்கு உரிமை இல்லை. கூடாரத்தில் உறங்கவும், வண்டியை இழுத்துக்கொண்டு நடக்கவும், கெட்ட தண்ணீரில் தட்டுக் கழுவவும் நான்கு வருடப் போர் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. அந்தத் திறமைக்கு வேறெங்கும் கேள்வி இருக்கவில்லை.

நியூயோர்க்கிலிருந்து கப்பலில் பனாமா, நிலத்தைக் கடந்து மறுபடி கப்பலில் சான் பிரான்சிஸ்கோ, அங்கிருந்து மலைத்தொடரைத் தாண்டி நெவாடா. முதலாவது கோடையிலேயே குழு படுத்துவிட்டது. ஹம்போல்ட் ஆறு பாலைவனத்தில் மறையும் சதுப்பு நிலத்தில் மலேரியா பலரை வீழ்த்தியது. அதற்கு முன்னர் ட்ரக்கி ஆற்றில் படகு பாறைகளுக்கிடையே சிக்கியபோது, நீச்சல் தெரிந்த ஓ'சலிவன் குதித்துக் கரையேறிக் கயிற்றைக் கட்டித்தான் எல்லோரும் தப்பினார்கள். அந்தக் கலவரத்தில் அவருடைய 300 டொலர் தங்க நாணயங்கள் ஆற்றோடு போயின.

நெவாடாவில் அவர் பார்த்த நிலம் நெருப்பால் ஆன நிலம். ஸ்டீம்போட் ஊற்றுகளில் பூமி பிளந்து, வெடிப்புகளிலிருந்து நீராவி எழுகிறது. அந்த ஆவிக்குள் ஒரு மனிதன் நிற்கும்படி அவர் எடுத்த படம் இருக்கிறது. கார்சன் பாலைவனத்தில் சோடா ஏரி என்ற நீர்நிலையை எடுத்தார். உருகிய பாறைக் குழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு வெடித்ததால் உண்டான எரிமலை வாய்தான் அந்த ஏரி. மொன்ரெசூமா மலைத்தொடரில், குளிர்ந்த எரிமலைக் குழம்பு தூண் தூணாகப் பிளந்து நிற்கும் ஓரிடத்துக்கு, எகிப்தின் பழைய கோயிலை நினைத்து கர்ணக் என்று குழு பெயர் வைத்தது. மொய்த்து நிற்கும் அந்தத் தூண்களின் முன்னால் ஒரு மனிதனை நிறுத்தி அளவு காட்டியிருக்கிறார்.

மணல் மேட்டுப் படத்துக்கு ஒரு நிமிடம் திரும்பி வருவோம். நெவாடாவில் மணல் மேடுகள் தொடுவானம் வரை நீள்வதில்லை. உப்புத் தரைக்கும் மலைக்கும் நடுவே காற்று கொண்டுவந்து கொட்டிய சிறு குவியல்கள் அவை. கமராவை வைத்த இடத்தால்தான் உலகமே மணலாகத் தெரிகிறது. கெற்றிஸ்பேர்க்கில் கமராவைச் சுற்றி நகர்த்திய அதே கை இது.

அந்தக் குளிர்காலத்தை வர்ஜீனியா சிற்றியின் வெள்ளிச் சுரங்கங்களில் கழித்தார். நிலத்துக்குக் கீழே நூற்றுக்கணக்கான அடி ஆழத்தில், சூடு தாங்காமல் அரைநிர்வாணமாக வேலை செய்யும் தொழிலாளர்களை, மக்னீசியம் நாடாவை எரித்து அந்த வெளிச்சத்தில் படம் எடுத்தார். சுரங்கத்தின் உட்புறத்தை இப்படி எடுத்த முதல் முயற்சிகளுள் அவையும் அடங்கும். சரிந்த மரத்தூண்களுக்கு இடையே மண் நசுக்கி நிற்கும் ஒரு படம் அவற்றில் உண்டு. எவரும் அதில் இல்லை. அங்கே நின்று அதை எடுத்தவர் வெளியே வந்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியும்.

1868 இலையுதிர் காலத்தில் கிங்கின் குழு வடக்கே திரும்பி, இன்றைய ஐடஹோவின் பாம்பு ஆற்றுச் சமவெளியை அடைந்தது. பல நாள் பயணம். கறுத்த பசால்ட் எரிமலைப் பாறையும் சாம்பல் நிறப் பற்றைச் செடியும் தவிர வேறெதுவும் இல்லை. சமவெளியில் நடப்பவருக்கு ஆறு இருப்பதே தெரியாது. திடீரென்று காலடியில் நிலம் முடிந்து, நூற்றுக்கணக்கான அடிக்குக் கீழே பள்ளத்தாக்கு திறக்கும். ஷொஷோனி நீர்வீழ்ச்சி அந்தப் பள்ளத்தாக்குக்குள்தான் இருக்கிறது. 212 அடி உயரம், நயாகராவைவிட அதிகம்.

அந்த நிலம் எப்படி உண்டானது என்று இன்று நமக்குத் தெரியும். இப்போது யெலோஸ்டோனுக்குக் கீழே இருக்கும் வெப்ப மையத்தின்மேல் கண்டத்தட்டு மெதுவாக நகர, அது கொதித்துக் கொதித்து விட்டுப்போன தழும்புதான் அந்தச் சமவெளி. பல இலட்சம் ஆண்டுகளாகக் குழம்பு மேல் குழம்பாகப் படிந்தது. அதில் மிக இளைய குழம்புக்கு வயது ஏறக்குறைய 2,000 ஆண்டுகள்தான். பனியுகத்தின் பிற்பகுதியில், யூட்டாவில் இருந்த மாபெரும் ஏரியொன்று கரையுடைத்துப் பாய்ந்து அந்தப் பள்ளத்தாக்கைக் குடைந்து அகலமாக்கியது. இவை எதுவும் கிங்குக்குத் தெரியாது. ஆனால் அந்த இடத்தைப் பார்த்த அவருடைய மனதில் ஓர் எண்ணம் வேரூன்றியது. பூமி மெல்ல மெல்ல, அமைதியாக மாறிவந்தது என்று அக்காலப் புவியியலின் பெரியவர்கள் சொன்னார்கள். இல்லை, இடையிடையே பேரழிவுகள் வந்து எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றிப் போட்டிருக்கின்றன என்று 1877இல் யேல் பல்கலைக்கழகத்தில் கிங் உரையாற்றினார். போரைக் கண்ட தலைமுறைக்கு அந்த எண்ணம் அந்நியமாக இருந்திருக்காது.

ஓ'சலிவனின் ஷொஷோனிப் படங்களை அந்த உரைக்கான விளக்கப் படங்களாகப் பார்ப்பவர்கள் உண்டு. என் பார்வையில் அவை அதைவிடவும் அமைதியானவை. அக்காலத்தில் நீர்வீழ்ச்சியை எடுப்பவர்கள் கீழே நின்று அண்ணாந்து எடுப்பார்கள். மரம் ஒன்று ஓரத்தில் சட்டம் போட்டது போல நிற்கும். ஓ'சலிவனோ விளிம்பில் ஏறி நின்று கீழே பார்த்தார். நீர் வெண்ணிற ஆவியாகி விழுகிறது. அதற்குப் பின்னால் தட்டையான எரிமலைச் சமவெளி தொடுவானம் வரை போகிறது. எங்கே கண்ணை வைப்பது என்று படம் சொல்வதில்லை. சில படங்களில் விளிம்பில் ஒரு மனிதன் நமக்கு முதுகு காட்டி இருக்கிறான். இயற்கையின் பேரழகு என்று சொல்லி நம்மை ஆற்றுப்படுத்த அவர் முயலவில்லை. கெற்றிஸ்பேர்க் வயலை எடுத்த அதே உயரத்தில், அதே தூரத்தில் நின்று எடுத்தது போலிருக்கிறது.

அந்த நிலம் ஏன் வெறுமையாக இருந்தது? பாறை, வரட்சி, வெள்ளையாகப் பதியும் வானம் என்று இவ்வளவும் சொன்னேன். இன்னொரு காரணமும் உண்டு. நீர்வீழ்ச்சியின் பெயரிலேயே அது இருக்கிறது. கடலிலிருந்து ஆற்றில் ஏறிவரும் சல்மன் மீன்களால் அந்த வீழ்ச்சியைத் தாண்ட முடியாது. அதனால் அதன் கீழ்ப்புறம் ஷொஷோனி மக்கள் காலங்காலமாக மீன்பிடிக்கக் கூடிய இடம். 1863 ஜனவரி 29ஆம் திகதி, அதே ஐடஹோவின் தென்கிழக்கில், பெயர் ஆற்றங்கரையில் குளிர்காலக் குடியிருப்பில் இருந்த ஷொஷோனி மக்களைக் கலிபோர்னியாத் தொண்டர் படை தாக்கியது. பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். கெற்றிஸ்பேர்க்குக்கு ஐந்து மாதங்களுக்கு முன்னர் நடந்தது அது. அதே வடபகுதிச் சீருடை. நீண்ட காலம் அது பெயர் ஆற்றுச் சண்டை என்றே பதிவுகளில் எழுதப்பட்டது. இன்று படுகொலை என்று எழுதுகிறார்கள்.

அங்கே கமரா எதுவும் போகவில்லை. ஓ'சலிவன் போன்ற ஒருவர் மூன்றாம் நாள் வண்டியோடு வந்து சேரவில்லை. அந்தப் பக்கம் அவர் வந்தபோது ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. வந்தது நிலத்தை எடுக்க. மக்களை ஒதுக்கிடங்களுக்குள் கொண்டுபோகும் ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகிக்கொண்டிருந்த காலம் அது. அவர் எடுத்த வெறும் நிலப் படங்கள் பின்னர் வொஷிங்டனில் அதிகாரிகளின் மேசைகளில் அறிக்கைகளோடு வைக்கப்பட்டன. ஆளில்லாத நிலம் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றியிருக்கும். அவர் பொய் சொல்லவில்லை. அங்கே அப்போது ஆள் இருக்கவில்லைதான்.

1870இல் கடற்படையின் குழுவோடு பனாமாவின் டாரியன் காட்டுக்குக் கால்வாய்க்கு வழி தேடப் போனார். 1871இல் லெப்டினன்ட் ஜோர்ஜ் வீலரின் இராணுவ அளவைக் குழுவில் சேர்ந்து, மரணப் பள்ளத்தாக்கைத் தாண்டி, கொலராடோ ஆற்றில் நீரோட்டத்துக்கு எதிராகப் படகு இழுத்தார்கள். அவருக்குக் கொடுத்த படகின் பெயர் பிக்சர், அதாவது படம். உணவு தீர்ந்து, படகு கவிழ்ந்து, பட்டினியோடு திரும்பிய பயணம். 1873இல் அரிசோனாவின் கான்யன் டி ஷேயில், செங்குத்தான பாறைச் சுவரின் நடுப்பொந்தில் கூடு போல இருக்கும் பழைய குடியிருப்பை எடுத்தார். அதுவே அவருடைய மிகப் புகழ்பெற்ற நிலப்படம். அதே பயணத்தில் தறி முன் இருந்த நவஹோக் குடும்பங்களையும் எடுத்தார். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் இராணுவம் அந்தப் பள்ளத்தாக்கின் பழமரங்களை வெட்டி, பயிரை எரித்து, மக்களை நூற்றுக்கணக்கான மைல் நடத்திக் கொண்டுபோய் முகாமில் அடைத்திருந்தது. 1868இல்தான் திரும்பி வர விட்டார்கள். படத்தில் இருக்கும் தறி, திரும்பி வந்தவர்களின் தறி. 1874இல் மறுபடி ஷொஷோனி நீர்வீழ்ச்சிக்குப் போய், இன்னொரு தொகுதி படங்கள் எடுத்தார். அத்தோடு மேற்கு முடிந்தது.

1873இல் வொஷிங்டனில் லோரா பைவெல் என்பவரைத் திருமணம் செய்திருந்தார். பிந்திய ஆண்டுகள் வறுமையானவை. 1880இல் நிதித் திணைக்களத்தில் படப்பிடிப்பாளர் பதவி கிடைத்தது. பழைய எசமானர்களான பிரேடியும் கார்ட்னரும் அவருக்காகப் பரிந்துரைக் கடிதம் எழுதினார்கள். சில மாதங்களிலேயே காசநோய் முற்றி வேலையை விட வேண்டியதாயிற்று. 1881இல் லோராவும் காசநோயால் இறந்தார். 1882 ஜனவரி 14ஆம் திகதி, ஸ்டேட்டன் தீவில், தன் தகப்பன் வீட்டில் ஓ'சலிவன் இறந்தார். வயது நாற்பத்திரண்டு அளவில்.

அரை நூற்றாண்டுக்கு மேல் அவரை யாரும் தேடவில்லை. 1930களின் கடைசியில் அன்செல் அடம்ஸ் என்ற படப்பிடிப்பாளர் வீலர் குழுவின் பழைய அல்பம் ஒன்றைக் கண்டு வியந்து, நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருந்த நண்பருக்கு அனுப்பி வைத்தார். அதன் பிறகே ஓ'சலிவன் கலைஞர் ஆனார்.

1970களின் பிற்பகுதியில் சில இளம் படப்பிடிப்பாளர்கள், அந்த அளவைக் குழுப் படங்கள் எடுக்கப்பட்ட இடங்களைத் தேடிப் போய், அதே பருவத்தில், அதே நேரத்தில், அதே புள்ளியில் கமராவை வைத்து மீண்டும் எடுத்தார்கள். யூட்டாவின் வீபர் பள்ளத்தாக்கில் சூனியக்காரிப் பாறைகள் என்ற ஓரிடம். 1869இல் ஓ'சலிவன் எடுத்த படத்தில் பாறைகள் செங்குத்தாக, அச்சமூட்டும்படி எழுந்து நிற்கின்றன. 1978இல் அதே இடத்தில் நின்று பார்த்தபோது எவ்வளவு முயன்றும் படம் பொருந்தவில்லை. கடைசியில் கமராவை ஒரு பக்கம் நன்றாகச் சரித்துப் பார்த்தார்கள். பொருந்தியது. சரிந்திருந்தது மலை அல்ல, கமரா.

ஷொஷோனி நீர்வீழ்ச்சியில் இப்போது கோடை காலத்தில் போனால் பெரும்பாலும் வெறும் பாறைதான் தெரியும். மேலே 1905இல் கட்டிய மில்னர் அணை தண்ணீரைப் பயிர்ச்செய்கைக்குத் திருப்பிவிடுகிறது. பனி உருகும் இளவேனில் மாதங்களில் மட்டும் பழையபடி நீர் விழும். ஓ'சலிவன் நின்ற விளிம்பில் இன்று வாகனத் தரிப்பிடமும் கம்பி வேலியும் இருக்கின்றன. பெயர் ஆற்றங்கரையில், ஷொஷோனி மக்களின் வடமேற்குப் பிரிவினர் கொல்லப்பட்டவர்கள் கிடக்கும் நிலத்தை விலை கொடுத்துத் திரும்ப வாங்கியிருக்கிறார்கள்.